எழும்பூர் வாத்தியார் கப்பலில் கொண்டு போன மணல்

2024 அக்டோபரில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை, 'கனவு ஆசிரியர்' விருது வாங்கினவங்கள்ல 50-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களை பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போச்சு. அம்பத்தூர் எஸ்டேட்ல எங்க ஆபீஸ் கேன்டீன்ல இந்தப் பேச்சு வந்ததும் உடனே ரெண்டு கட்சி. "வாத்தியாருக்கு எதுக்குய்யா ஈஃபில் டவர்? அந்தக் காசுல ஆவடிப் பக்கம் நாலு வகுப்பறை கட்டலாம்"னு ஒரு கட்சி. "நாம மட்டும் ஆன்சைட் போகலாமா?"ன்னு இன்னொரு கட்சி. டீ ஆறிப் போனதுதான் மிச்சம் :-)

எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம் இல்லை. ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேறன்னு தோணுச்சு. வெளிநாடு போற ஆசிரியர் அங்க எதைப் பார்க்கிறார், திரும்பும்போது பையில என்ன கொண்டு வர்றார், அது யாருக்குப் போய்ச் சேருது? இதுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல பழசான ஒரு கேஸ் ஸ்டடி நம்ம ஊர்லயே இருக்கு. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா வாங்க.

பூந்தமல்லியில் இருந்து பாரிமுனைக்குப் பஸ் ஏறினா, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை தாண்டி, பச்சையப்பன் கல்லூரி வர்றதுக்குள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளின்னு ஒரு பெரிய வளாகம் வரும். சிக்னல்ல பஸ் நிக்கறப்ப பல பேர் பார்த்திருப்பீங்க. 1715-ல் கோட்டைக்குள்ள தர்மப் பள்ளியா ஆரம்பிச்சது. எழும்பூர்ல இருந்த ஆண் அநாதைகள் இல்லமும் பிற்பாடு இதோட சேர்ந்துடுச்சு. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தது 1904-ல். நம்ம கதை அந்த எழும்பூர் இல்லத்துல நடந்தது.

கதாநாயகன் ஆண்ட்ரூ பெல். 1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர். இருபது வயசு தாண்டினதும் அமெரிக்காவுல வர்ஜீனியாவுக்குப் போய் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். திரும்பி வந்து பாதிரியாரானார். 1787-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். நோக்கம் சேவை மட்டும்னு நினைச்சுடாதீங்க. அந்தக் காலத்துல இந்தியா வந்த வெள்ளைக்காரங்க எல்லாரையும் போல நாலு காசு பார்க்கத்தான் இவரும் வந்தார், பார்க்கவும் செஞ்சார். சென்னையில் ராணுவப் பாதிரியார் வேலை கிடைச்சது. 1789-ல் எழும்பூர் இல்லத்தின் பொறுப்பையும் ஏத்துக்கிட்டார். இந்த வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம்னுட்டார்.

அங்க படிச்சவங்க பெரும்பாலும் கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்கள். அப்பா செத்திருப்பார், இல்லைன்னா விட்டுட்டுப் போயிருப்பார். பாடம் எடுக்க வந்த உதவி ஆசிரியர்களுக்கு வேலையில சிரத்தை இல்லை. எழுத்துக் கூட்டவே பையன்களுக்கு மாசக்கணக்குல ஆச்சு. பெல்லுக்கு இது பெரிய தலைவலி.

அப்படி ஒருநாள் குதிரையில போறப்பதான் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்க்கிறார். மலபார்னதும் கேரளான்னு நினைக்காதீங்க. அந்தக் கால ஐரோப்பியர்கள் தமிழர்களைத்தான் அப்படிக் கூப்பிட்டாங்க. அதாவது அவர் பார்த்தது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைங்க தரையில மணலைப் பரப்பி, விரலால எழுத்து எழுதி, வாய்விட்டுச் சொல்லி, அழிச்சுத் திரும்ப எழுதிக்கிட்டு இருந்தாங்க. சிலேட்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். இன்னைக்கும் விஜயதசமிக்கு அரிசியில 'அ' எழுத வைக்கிறோமே, அதோட சொந்தக்காரன்தான் இந்த மணல்.

பெல் நேரா இல்லத்துக்கு வந்து, கடைசி வகுப்புக்கு இதே மாதிரி மணல்ல சொல்லிக் குடுங்கன்னார். உதவி ஆசிரியர்கள் முடியவே முடியாதுன்னுட்டாங்க. (புது டூல் கொண்டு வந்தா டீம்ல வர்ற முதல் ரெஸ்பான்ஸ் எந்த நூற்றாண்டா இருந்தாலும் ஒண்ணுதான் போல.) பெல் அவங்களோட மல்லுக்கட்டலை. ஜான் ஃப்ரிஸ்கன்னு ஒரு எட்டு வயசுப் பையன், சாதாரணச் சிப்பாயோட மகன், அவன்கிட்ட அந்த வகுப்பைக் குடுத்தார். பையன் சொல்லிக் குடுத்தான், பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல பள்ளி முழுக்க மூத்த பையன்கள் இளையவங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சாங்க.

பலன் என்னன்னு கேட்டா ஒரு உதாரணம். வில்லியம் ஸ்மித்னு ஒரு மாணவன். திப்பு சுல்தானின் பிணைக்கைதிகளா இருந்த ரெண்டு மகன்களையும் 1794-ல் கம்பெனி திருப்பி அனுப்பினப்ப, அந்தக் குழுவோட இவனும் போனான். திப்பு முன்னாடி அறிவியல் கருவிகளை வெச்சுச் சோதனைகள் செஞ்சு காட்டினான். அப்பன் ஆதரவில்லாத பையன்களுக்கான இல்லத்துல இருந்து கிளம்பி, ஒரு சுல்தான் தர்பாரில் பிசிக்ஸ் டெமோ!

இங்க ஒரு சின்ன ஒப்பீடு. பெல்லுக்கு 160 வருஷத்துக்கு மேல முன்னாடி, 1623-ல், பியத்ரோ டெல்லா வாலேன்னு ஒரு இத்தாலியப் பயணி கர்நாடகத்துல இக்கேரிக்கு வந்தார். கோயில் வாசல்ல நாலு பையன்கள் மணல்ல எழுதி, ராகம் போட்டுப் பாடி, தாங்களே கணக்குப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாத்தியார் இல்லை. சந்தேகம் வந்தா யார் தீர்ப்பாங்கன்னு கேட்டார். ஒரே இடத்துல நாலு பேரும் ஒண்ணா முழிக்க மாட்டோம், ஒருத்தருக்காவது தெரியும்கிற மாதிரி பதில் வந்தது. அசந்து போய்க் கடிதத்தில் எழுதி வெச்சார்.

கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். சுற்றுலாப் பயணி பார்த்தப்ப அது நல்ல கடிதமாச்சு. கையில ஒரு வகுப்பறையும், மனசுல தீராத ஒரு பிரச்சினையும் இருந்த ஆசிரியர் பார்த்தப்ப அது பள்ளிக்கூடமாச்சு. ஆசிரியர்கள் எதுக்குப் பயணம் போகணும்னு யாராவது கேட்டா என் பதில் இதுதான்.

சரி, கப்பல் திரும்பற கதைக்கு வருவோம். உடம்பு சரியில்லாம 1796-ல் பெல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷமே எழும்பூர் அனுபவத்தைச் சின்னப் புத்தகமா போட்டார். 1798-ல் லண்டனில் ஒரு தர்மப் பள்ளியில் முறை அமலுக்கு வந்தது. அதே சமயத்துல ஜோசஃப் லங்காஸ்டர் என்கிறவரும் லண்டனில் இதே பாணியில் பள்ளி நடத்த, முதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு ரெண்டு கோஷ்டிக்கும் வருஷக்கணக்கில் சண்டை. 1811-ல் இங்கிலாந்து திருச்சபை ஆட்கள் தேசியச் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பெல் முறையைக் கொண்டு போனாங்க. அதுக்குப் பேரே 'மெட்ராஸ் சிஸ்டம்'. கனடாவுல கூட மெட்ராஸ் பள்ளிகள் வந்தது. பெல் தன் சொத்துல பெரும்பகுதியைப் பள்ளிகளுக்கே எழுதி வெச்சுட்டு 1832-ல் இறந்தார். அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்கின 'மெட்ராஸ் காலேஜ்' இன்னைக்கும் அரசுப் பள்ளியா நடக்குது. நாம 1996-ல் பேரை மாத்திட்டோம், ஸ்காட்லாந்துக்காரங்க மாத்தலை :-)

இந்த முறைக்கு மூலம் நம்ம ஊர்தான்னு அப்பவே ஒத்துக்கிட்டவங்களும் உண்டு. 1814-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் வங்காளத்துக்கு அனுப்பின கடிதத்துல, இந்தியக் கிராம ஆசிரியர்களோட முறையைத்தான் பெல் மூலமா இங்கிலாந்து எடுத்துக்கிச்சுன்னு பாராட்டியே எழுதினாங்க. பெல்லைக் கேட்டா, மணலை மட்டும் மலபார் பள்ளியில எடுத்தேன், பிள்ளைக்குப் பிள்ளை பாடம் எடுக்கிறது என் யோசனைம்பார். ஆனா 1823-ல் பெல்லாரி கலெக்டர் கேம்பல் எழுதின அறிக்கையில, மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித் தர்றதும் உள்ளூர்ப் பள்ளி வழக்கம்தான்னு தெளிவா இருக்கு. சட்டாம்பிள்ளைங்கிற வார்த்தை நம்மகிட்ட சும்மாவா இருக்கு? பெல்லின் புத்தகத்துல ஃப்ரிஸ்கன் பேர் இருக்கு, ஸ்மித் பேர் இருக்கு. அந்தத் திண்ணை வாத்தியார் பேர் மட்டும் இல்லை.

க்ரெடிட் சண்டையை விட எனக்கு முக்கியமாப் படறது வேற. கப்பல்ல போகும்போது சரக்குல பாதி தொலைஞ்சு போச்சு. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் உத்தரவு போட்டு எடுத்த பள்ளிக் கணக்கை 1826-ல் தொகுத்தார். ராஜதானி முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பாருங்க, ஒரு பள்ளிக்குச் சராசரியா 15 பேர். (பொற்காலம்னு துள்ள வேண்டாம். அதுல பெண் பிள்ளைகள் வெறும் 4,540 பேர்.) பதினஞ்சு பேருக்கு ஒரு வாத்தியார் இருந்து, கூட ஒரு சட்டாம்பிள்ளையும் இருந்தா, அவன் வாத்தியாருக்கு ஒத்தாசை. எந்தப் பிள்ளை எங்க தடுமாறுதுன்னு வாத்தியாருக்கே தெரியும்.

இங்கிலாந்துல அது தலைகீழாச்சு. ஆயிரம் பேருக்கு ஒரே மாஸ்டர் போதும்னு லங்காஸ்டர் பெருமை அடிச்சார். ஒத்தாசைக்கு இருந்த பையனே இப்ப வாத்தியார் வேலை முழுசையும் பார்க்கணும். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூடக் கட்டாயம் இல்லைங்கிற மாதிரி பெல்லே எழுதினார். எழும்பூர்ல அநாதைப் பையன்களைத் தூக்கி விட்ட அதே முறை, அங்க ஏழைகளுக்கு மலிவான கல்வி குடுக்கிற மெஷினாப் போச்சு. பத்து யூசருக்கு எழுதின ப்ரோக்ராமை டிசைன் மாத்தாம லட்சம் யூசருக்கு ஓட விட்டா என்ன ஆகும்னு நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனிமேதான் கதையோட முக்கியமான திருப்பம். 1816-ல் பெல் மறுபடி பயணம் போனார், இந்தத் தடவை ஐரோப்பாவுக்கு. சுவிட்சர்லாந்தில் இவெர்டோன் ஊர்ல பெஸ்டலோட்சியின் பள்ளிக்கும் போனார். பிள்ளைங்க கண்ணால பார்த்து, கையால தொட்டு, தாங்களே யோசிச்சுக் கத்துக்கணும்னு சொன்ன பெரிய ஆசிரியர் பெஸ்டலோட்சி. ஆனா பெல்லுக்கு இப்ப வயசு 63, ஊரெல்லாம் புகழ். எழும்பூர்ல இருந்த தலைவலி இப்ப இல்லை. பார்த்துட்டு, இன்னும் 12 வருஷத்துல என் முறையை உலகமே எடுத்துக்கும், பெஸ்டலோட்சியை எல்லாரும் மறந்துடுவாங்கன்னு சொன்னதாப் பதிவாகியிருக்கு.

நடந்தது நேர் எதிர். 1839-ல் இங்கிலாந்தின் கல்விக் குழுச் செயலாளரா பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் கே, அந்த வருஷமே ஐரோப்பியப் பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பினார். சுவிட்சர்லாந்துல பெஸ்டலோட்சி வழியில நடந்த ஆசிரியர் பயிற்சியைப் பார்த்தார். 1840-ல் பாட்டர்சீயில் ஒரு பயிற்சிக் கல்லூரி ஆரம்பிச்சார். 1846-ல், 13 வயசில் இருந்து அஞ்சு வருஷம் உதவித்தொகையோட ஒரு ஆசிரியர்கிட்டப் பழகிப் படிக்கிற 'மாணவ ஆசிரியர்' திட்டம் வந்தது. மெட்ராஸ் சிஸ்டம் மெல்ல மறைஞ்சுது. பெல் நின்னு பார்த்துட்டு வெறுங்கையோட வந்த நாட்டுல இருந்துதான் அவர் முறைக்கு மாற்று வந்தது.

ஒரே மனுஷன், ரெண்டு பயணம். எழும்பூர்ல அவர் பேரில்லாத ஒரு திண்ணை வாத்தியார்கிட்டக் கத்துக்கிட்டார். இவெர்டோன்ல உலகம் கொண்டாடின ஒருத்தர்கிட்டக்கூட எதையும் எடுத்துக்கலை. பயணச் செலவு, தூரம், பாஸ்போர்ட் ஸ்டாம்ப் எதுவும் இதைத் தீர்மானிக்கலை. கேள்வியோட போனாரா, பதிலோட போனாராங்கிறதுதான் தீர்மானிச்சது.

இதுக்கு பாஸ்போர்ட்டே தேவைப்படாத உதாரணமும் உண்டு. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது ஞாபகம் இருக்கா? மாநகராட்சி ஆணையரா இருந்த எம். பி. விஜயகுமார் காலத்தில், ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்துல இருக்கிற ரிஷி வேலிக்கு நம்ம ஆசிரியர்கள் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவுச்சு. என் சித்தி பையன் அப்ப ஆவடிப் பக்கம் அரசுப் பள்ளியில ரெண்டாம் வகுப்பு. அட்டை எடுத்து, பாயில வட்டமா உட்கார்ந்து, முடிச்சவன் முடிக்காதவனுக்குச் சொல்லிக் குடுப்பானாம். இக்கேரியில நாலு பையன்கள் செஞ்சதேதான்.

அதனால ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பறது வெட்டிச் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன். அனுப்பணும். ஆனா போறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் தன் வகுப்புல தீராத ஒரு பிரச்சினையை எழுதிக் குடுத்துட்டுப் போகணும். மியூசியத்தோட நிறுத்தாம, ஏதாவது சாதாரணப் பள்ளியில ஒரு முழு நாள் கடைசி பெஞ்சுல உட்காரணும். வந்ததும் அம்பத்தூர்லயோ பூந்தமல்லியிலயோ பத்து ஆசிரியர்களைக் கூப்பிட்டு, பார்த்ததுல எது நம்ம 40 பிள்ளை வகுப்புக்கு ஒத்து வரும், எது வராதுன்னு பேசணும். முக்கியமா, அங்க யார்கிட்டக் கத்துக்கிட்டாங்களோ அந்த ஆசிரியர் பேரை எழுதி வைக்கணும்.

உங்க தாத்தா பாட்டி யாராவது திண்ணைப் பள்ளியில படிச்சிருந்தா, அவங்க வாத்தியார் பேரைக் கேட்டுப் பின்னூட்டத்துல போடுங்க. பெல் எழுதாம விட்ட வரியை நாமளாவது எழுதுவோம்.