மாட்டுப்பட்டி: ஊரடங்கும் கொழுந்தும்

2020 மார்ச் 25இல் நாடு தழுவிய கொரோனா ஊரடங்கு தொடங்கியது. மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி அணையில் படகுகள் ஓய்ந்தன. சுற்றுலாப் பயணிகளை நம்பிய சாலையோரக் கடைக்காரர்களின் வருமானம் நின்றது.

ஆனால் சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலை காத்திருக்காது. உரிய நாளில் கிள்ளாத கொழுந்து முற்றி வீணாகும். எனவே ஏப்ரல் தொடக்கத்தில் பாதித் தொழிலாளர்களோடு தோட்டங்கள் இயங்க மத்திய அரசு இசைந்தது. நியாயமான முடிவுதான், ஆனால் பாதிப் பேர் என்றால் மீதிப் பேருக்கு வேலை இல்லை. இத்தொழிலாளர்களில் பலர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களின் சந்ததியினர். தொற்றைத் தவிர்க்கத் தேயிலைக் காட்டில் விலகி நிற்கலாம். தொழிலாளர்களுக்காக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் அது எப்படி முடியும்? விதிகள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மலைச் சுற்றுலாவை அக்டோபர் 10இல்தான் கேரளம் மீண்டும் திறந்தது.