கமலை வடம் முதல் ஜீப் விஞ்ச் வரை

பொன்னமராவதிப் பக்கம் யாரிடமாவது 'விஞ்ச்' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு உடனே பழனிமலைதான் நினைவுக்கு வரும். தைப்பூசத்திற்குக் கால்நடையாகப் பழனி செல்வோர் நிறைந்த வட்டாரம் இது. படியேற இயலாதவர்களை மலைமேல் கொண்டு சேர்க்கும் பெட்டிவண்டி அங்கே 1966இல் ஓடத் தொடங்கியது. அன்று முதல் அதற்கு 'விஞ்ச்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் விஞ்ச் என்பது வண்டியின் பெயர் அன்று. வண்டியை மேலே இழுக்கும் கம்பி வடத்தை உருளையில் சுருட்டுகிறதே, அந்த எந்திரத்தின் பெயர். இழுக்கும் கருவியின் பெயர் இழுபடும் வண்டிக்கு ஆகி வந்திருக்கிறது. தமிழாசிரியர்கள் இதைக் கருவியாகுபெயர் என்று எளிதாக முடித்துவிடுவார்கள்.

இதே எந்திரத்தின் சிறிய உருவத்தை இப்போது சில ஜீப்புகளின் முன்பம்பரில் காணலாம். பாதையில்லாத இடங்களில் ஓடும் வண்டி சேற்றிலோ மணலிலோ புதைந்தால், எதிரேயுள்ள மரத்தில் வடத்தைக் கட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொள்வதற்காக அது பொருத்தப்படுகிறது. வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, 'எத்தனை டன் இழுக்கும்?' என்பதுதான். பெட்டியின்மேல் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பலாமா? இந்தக் கருவி வளர்ந்து வந்த கதையைத் தெரிந்துகொண்டால் விடை தானே கிடைக்கும்.

கமலையிலிருந்து தொடங்குவோம். இன்றைய மாணவர்கள் கமலை ஓடிப் பார்த்திருக்கமாட்டார்கள். பாட்டனாரைக் கேட்டால் சொல்வார். கிணற்றின் மேலே ஓர் உருளை. அதன் வழியே செல்லும் வடத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் இரண்டு மாடுகள். மாடுகள் நடக்கும் வாரி கிணற்றிலிருந்து விலகும் திசையில் சரிவாக இறங்கும். பாரம் இழுக்கும்போது மாடுகளின் சொந்த எடையும் சரிவில் துணைக்கு வருகிறது. வெறுஞ்சாலோடு பின்னேறும்போதுதான் மேட்டில் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் காணாத ஒரு மனிதர் விசைகளைக் கூறுபோட்ட அழகு இது.

ஆனால் கமலைக்கு ஓர் எல்லை உண்டு. நாற்பதடிக் கிணற்றுக்கு நாற்பதடி வாரி வேண்டும். வடம் எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு தூரம் இழுப்பவரும் நடந்தாக வேண்டும். அதற்குப் பதிலாக இழுப்பவர் ஓரிடத்திலேயே நின்று, வடத்தை ஓர் உருளையில் சுற்றிக்கொண்டால்? அப்போதுதான் விஞ்ச் பிறக்கிறது. கூடவே இன்னொரு நன்மையும் வருகிறது. உருளையின் ஆரம் 10 சென்டிமீட்டர், அதைச் சுழற்றும் கைப்பிடியின் நீளம் 1 மீட்டர் என்றால், கையின் விசை பத்து மடங்காகிறது. ஆனால் வடம் ஒரு மீட்டர் நகரக் கை பத்து மீட்டர் சுற்ற வேண்டும். ஆற்றல் கணக்கில் தள்ளுபடி கிடையாது.

இக்கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கணக்குப் போட்டவர்களில் நினைக்கத் தக்கவர் இத்தாலியப் பொறியாளர் டொமினிகோ ஃபொன்டானா. 1586இல் ரோம் நகரில், எகிப்திலிருந்து முற்காலத்தில் கொண்டுவரப்பட்ட ஒற்றைக்கல் தூணை இடம் மாற்றும்படி போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்டஸ் பணித்தார். உயரம் 25 மீட்டர். எடை முந்நூறு டன்னுக்கு மேல். ஃபொன்டானா முதலில் எந்திரத்தைத் தேடவில்லை. கல்லின் ஒரு சிறு கன அளவின் எடையை அறிந்து, தூணின் மொத்தக் கன அளவால் பெருக்கினார். பிறகு ஒரு விஞ்ச் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, நாற்பது வேண்டும் என்று முடிவு செய்தார். அதுவும் முழுமையாகப் போதாது என்று கணக்குச் சொல்லவே ஐந்து பெரிய நெம்புகோல்களைச் சேர்த்தார். சுமார் 900 ஆட்களும் 75 குதிரைகளும் அன்று வேலை செய்தார்கள். எக்காளம் ஊதினால் சுழற்று, மணி அடித்தால் நிறுத்து. வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது! தூண் ஒரு கீறலுமின்றிப் பெயர்ந்தது.

அவரைப்போல நாமும் முதலில் பாரத்தைக் கணக்கிடுவோம். எல்லாம் ஏற்றிய நிலையில் 2 டன் எடையுள்ள ஜீப் ஒன்று நம் ஊர்க் கண்மாய் வண்டலில் புதைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தார்ச்சாலையில் இதை இரண்டு பேர் தள்ளிவிடலாம். சேற்றில் கதை வேறு. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேடுகளில் அனுபவத்தால் வந்த ஒரு விதி இருக்கிறது. சக்கர மட்டத்திற்குப் புதைந்தால் எதிர்ப்பு விசை வண்டியின் எடைக்குச் சமம். மட்கார்டு மட்டத்திற்கு என்றால் இரு மடங்கு. ஓட்டுநர் அறை மட்டம் என்றால் மும்மடங்கு. நம் ஜீப் சக்கர மட்டத்தில் நிற்கிறது: 2 டன். கரையை நோக்கி ஏற்றி இழுக்க வேண்டும். சரிவு 30 பாகை என்றால் எடையில் பாதி, அதாவது இன்னும் 1 டன். ஆக 3 டன். 'வண்டியின் முழுச்சுமை எடையைப்போல் ஒன்றரை மடங்கு' என்று மெக்கானிக்குகள் சொல்லும் விதிக்கு இதில் நியாயம் இருப்பதைக் காண்கிறீர்கள். அதற்குமேல் புதைந்திருந்தால் முதலில் எடுக்க வேண்டியது விஞ்ச் அன்று, மண்வெட்டி.

சரி, 3 டன் வேண்டும்; 3,600 கிலோ என்று அச்சிட்ட விஞ்ச் வாங்கிவிட்டோம், போதுமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த எண் உருளையில் வடம் ஒரே அடுக்காக இருக்கும்போது மட்டும் பொருந்துவது. மோட்டார் தருவது திருப்புத்திறன். அதை ஆரத்தால் வகுத்தால் இழுவிசை. வடம் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற ஆரம் பெருகுகிறது, விசை குறைகிறது. உருளையின் விட்டம் 64 மில்லிமீட்டர், வடத்தின் கனம் 8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். வடத்தின் நடுப்புள்ளிவரை முதல் அடுக்கின் ஆரம் 36. அடுத்த அடுக்குகளில் 44, 52, 60. எனவே 3,600 கிலோ இரண்டாம் அடுக்கில் சுமார் 2,950 ஆகவும், மூன்றில் 2,500 ஆகவும், நான்கில் 2,160 ஆகவும் இறங்கிவிடுகிறது. மரம் ஐந்து மீட்டரிலேயே கிடைத்ததே என்று மகிழ்ந்து கொஞ்சம் வடத்தை மட்டும் அவிழ்ப்பவருக்குக் கிடைப்பது இந்தக் கடைசி எண்தான். தொலைவிலுள்ள மரமே இங்கு நல்ல மரம்!

இதற்கு மாற்று நம் கிணற்றடியிலேயே இருக்கிறது: கப்பி. வடத்தை மரத்தில் கட்டிய கப்பி வழியே திருப்பி, முனையை வண்டியிலேயே மாட்டினால் இரண்டு புரிகள் வண்டியை இழுக்கும். உராய்வில் சிறிது போனாலும் விசை ஏறக்குறைய இரு மடங்கு. இரு மடங்கு நீளம் வடம் வெளியே வருவதால் உருளையில் அடுக்கும் குறைகிறது. வேகம் பாதியாகும்; ஆகட்டுமே. பத்து டன் விஞ்சைச் சுமந்து திரிவதைவிட ஒரு நடுத்தர விஞ்சும் ஒரு நல்ல கப்பியும் வாங்குவது மேல் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அப்போது மரத்தின்மீது விழும் விசையும் இரு மடங்கு.

வண்டியோடு விஞ்சைச் சேர்த்துப் பார்த்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ஜான் ஃபவுலர். நீராவி எஞ்சின் வயலில் இறங்கினால் தன் எடையால் புதைந்துவிடும். ஆகவே அவர் எஞ்சினை ஓரத்தில் நிறுத்தி, உருளையில் சுற்றும் வடத்தால் கலப்பையை மட்டும் இழுத்தார். 1858இல் இதற்காகப் பரிசும் பெற்றார். 1948இல் வெளிவந்த லாண்ட்ரோவருக்கு முன்புறம் பொருத்தும் கேப்ஸ்டன் விஞ்ச் உண்டு. எஞ்சினால் சுழலும் செங்குத்து உருளை அது. வடத்தைச் சில சுற்றுச் சுற்றி, தொங்கும் முனையைக் கையால் பிடித்தால் போதும். முரட்டு மாட்டின் கயிற்றைத் தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கிறோமே, அதே தத்துவம். ஆய்லர் இதைக் கணக்கில் வடித்தார். உராய்வுக் குணகம் 0.25 என்றால், ஒரு சுற்றில் பிடிமானம் ஏறத்தாழ 5 மடங்கு, இரண்டில் 23, மூன்றில் 111! பத்துக் கிலோ பிடியில் ஒரு டன் நிற்கும். இன்றைய விஞ்சில், வடத்தை எவ்வளவு அவிழ்த்தாலும் உருளையில் ஐந்து சுற்றாவது மிஞ்ச வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பாரத்தைத் தாங்குவது வட முனையிலுள்ள சிறு திருகாணி அன்று, அந்த ஐந்து சுற்றின் உராய்வு.

அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1959இல் ஜீப்புகளுக்கு மின்மோட்டார் விஞ்சைக் கொண்டுவந்தது. 1974இல் வந்த அதன் 8274 என்ற மாதிரியின் பெயரிலேயே எட்டாயிரம் பவுண்டும் எழுபத்து நான்காம் ஆண்டும் அடங்கியிருக்கின்றன. மின் விஞ்சின் பெரிய வசதி, எஞ்சின் நின்றுபோனாலும் சிறிது நேரம் இழுக்கும் என்பது. குறை, மின்கலத்தின் பசி. முழுப்பாரத்தில் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 400 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். அதாவது ஏறத்தாழ 4,800 வாட். வடம் நிமிடத்திற்கு இரண்டு மீட்டர் வந்தால் 3,600 கிலோவை இழுக்கச் செலவாவது 1,200 வாட்தான். மற்றதெல்லாம் வெப்பம். ஆகவே சிறிது இழுத்து, சிறிது ஆறவிட வேண்டும். மின் விஞ்சை நாள் முழுதும் ஓட்ட நினைப்பவர், எஞ்சின் தண்டிலிருந்து அல்லது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையை நாட வேண்டும்.

இனி வடம். உயிர் போவது பெரும்பாலும் இதனால்தான். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் அறுந்து தொல்லை தரவே, வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்ற அதிகாரி 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் திரித்தார். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போச்சு. கம்பி வடத்திலோ ஒன்றிரண்டு இழைகள் முதலில் அறுந்து எச்சரிக்கும். ஆனால் இழுபட்ட எஃகு வடம் ஒரு வில். 25 மீட்டர் நீளமும் 9 மில்லிமீட்டர் கனமும் உள்ள வடம் மூன்று டன் இழுப்பில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளும். அதில் தேங்கும் ஆற்றல் 3,000 ஜூலுக்கு மேல். பத்துக் கிலோக் கல்லைப் பத்து மாடி உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். அறுந்த வடம் சாட்டைபோல் திரும்பி வரும்.

1979இல் நெதர்லாந்தில் டி.எஸ்.எம். நிறுவனத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா இருவரும் கண்ட முறையில் பிறந்தது டைனீமா இழை. நம் பால் பாக்கெட்டின் அதே பாலிஎதிலீன்தான். மூலக்கூறுகள் மிக நீளமாகவும் ஒரே திசையிலும் அமைந்திருக்கின்றன. எஃகு வடத்தின் எடையில் ஆறில் ஒரு பங்குகூட இராது; நீரில் மிதக்கும். இதில் ஆற்றலே தேங்காது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். தேங்கத்தான் செய்கிறது. வடம் இலேசாக இருப்பதால் அறுந்து பாயும்போது உந்தம் குறைவு, காற்றும் அதை விரைவில் அடக்கிவிடும், அவ்வளவே. முனையிலுள்ள இரும்புக் கொக்கி பறந்தால் இதுவும் ஆளைக் கொல்லும். வழவழப்பானது என்பதால் உருளையில் ஐந்து சுற்றுப் போதாது, பத்தாவது வேண்டும். வெயிலும் கூர்மையான கல்லும் இதற்குப் பகை. சூடும் ஆகாது, பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கும் விஞ்சுக்கு இதை வாங்குமுன் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது.

பழனியில் எந்திரம் மலையோடு ஊன்றி நிற்கிறது, வண்டி நகர்கிறது. ஜீப்பிலோ எந்திரமே நகர்கிறது, ஊன்றுகோல் அந்த மரம். கண்மாய்க்குள் இருக்கும் இளங்கருவேல மரங்களை நம்ப முடியாது. ஈர மண்ணில் வேரோடு வந்துவிடும். கரையிலுள்ள முற்றிய பனை நல்லது. எதுவானாலும் பட்டை அறுபடாதபடி அகலமான நாடாவால், தரையை ஒட்டியே கட்ட வேண்டும். உயரக் கட்டினால் நெம்புகோல் பிறந்துவிடும். மரமே இல்லையென்றால் ஸ்டெப்னி சக்கரத்தை ஆழக் குழி தோண்டிப் புதைத்து, அதன் நடுவில் வடத்தை மாட்டுகிறார்கள். பிறகு வடத்தின் நடுவே ஒரு கனத்த சாக்கையோ நனைந்த கம்பளியையோ போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களை வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்திற்கு விலக்கி, ஃபொன்டானா செய்ததுபோல ஒரே ஒருவர் சைகை காட்ட, பொத்தானை அழுத்தலாம்.