கேட்டவர்களிடம் கேள்வி கேட்ட பாராளுமன்றம்

தஞ்சம் கோரி ஜேர்மனிக்கு வந்த நாம், கேள்விகளுக்குப் பதில் கூறியே இங்கு வாழத் தொடங்கினோம். கேட்பவர் யார், நாம் கூறுவது எங்கே போய்ச் சேர்கின்றது என்று திருப்பிக் கேட்கும் நிலையில் நம்மிற் பலர் இருக்கவில்லை.

1958இல் 'விசாரணைகளுக்கான தலைமை அலுவலகம்' என்ற பெயரில் ஓர் அலுவலகம் இங்கு நிறுவப்பட்டது. அகதிகளிடம் அவர்கள் விட்டுவந்த நாடுகளைப் பற்றி அது கேட்டறிந்தது. அது வெளிநாட்டுப் புலனாய்வுச் சேவையின் கீழ் இயங்கியமை நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது.

புலனாய்வுச் சேவைகளைக் கண்காணிக்கும் பாராளுமன்றக் குழுவுக்கு 1978இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அக்குழு கூடுவது இரகசியமாகவே. அங்கு அறிந்ததை உறுப்பினர்கள் வெளியே கூறலாகாது. எதிர்க்கட்சியினர் எழுத்துமூலம் தொடுத்த வினாக்களும் பத்திரிகையாளரின் தேடலுமே உண்மையை வெளிக்கொணர்ந்தன. அமெரிக்க அதிகாரிகளும் அகதிகளை விசாரித்தமை தெரியவந்தது. 2014 யூனில் அவ்வலுவலகம் மூடப்பட்டது. அவ்வாண்டு அமைந்த பாராளுமன்ற விசாரணைக் குழு, அங்கு பணியாற்றியோரைச் சாட்சிகளாக அழைத்தது.

2020 மே மாதம் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. வெளிநாட்டில் வாழும் பிறநாட்டவரின் தொலைபேசி உரையாடலையும் அடிப்படைச் சட்டம் காக்கின்றது எனத் தீர்ப்பளித்தது. அதற்கேற்பச் சட்டம் திருத்தப்பட்டு, 2022இல் சுயாதீனக் கட்டுப்பாட்டு மன்றம் பணி தொடங்கியது.

வாக்குரிமையற்ற அகதிக்காகக் கேள்வி கேட்கக்கூடியவர் மக்கள் பிரதிநிதியே. இந்நாட்டுக் குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகள், வாக்களிக்கச் செல்லும்போது இதனை மறவாதிருக்க வேண்டும்.