கயிறு இழுத்தவர்களின் கரை

மயிலாப்பூரில் திருமயிலை ரயில் நிலையத்துக்குக் கீழே கறுப்பாக ஒன்று தேங்கி நிற்கிறதே, அதில் ஒரு காலத்தில் பாய்மரப் படகு போனது என்றால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக ஏறி ஊருக்குப் போனார்கள் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். கூவத்துக்கு அடுத்தபடியாக நகரத்தின் வசைச்சொல்லாக ஆகிவிட்ட பக்கிங்காம் கால்வாய்தான் அது. ஆந்திராவின் பெத்த கஞ்சத்தில் தொடங்கி, பழவேற்காடு, எண்ணூர் வழியாகச் சென்னைக்குள் புகுந்து, கோவளம், மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் வரைக்கும் சுமார் 420 கிலோமீட்டர். கடலை ஒட்டியே போகும் உப்புநீர்ப் பாதை. வடக்கே கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்களோடும் சேர்ந்ததால் காக்கிநாடா பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றினால் கடலுக்குள் போகாமலேயே மதராஸ் வந்து சேரலாம்.

இந்தக் கால்வாயைப் பற்றி எழுதப்படாமல் இல்லை. நிறையவே எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பயணிகளுக்கான வழிகாட்டி நூல்கள், ராத்திரி அடையாற்றில் படகேறிப் படுத்துக்கொண்டால் காலையில் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கலாம் என்று யோசனை சொல்லின. பாரதிதாசன் நண்பர்களோடு இதே வழியில் தோணியில் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாகவே எழுதினார். மயிலாப்பூர்ப் பெரியவர்களின் நினைவுக் குறிப்புகளிலும் நிலாவும் படகும் கட்டுச்சோறும் வரும். எல்லாம் படகுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னவை. காற்று விழுந்துபோனால் கரையில் நின்று தோளில் கயிற்றைப் போட்டு இழுத்தது யார்? அதற்கும் முன்னால், இதைத் தோண்டியது யார்? நாம் கேட்க வேண்டியது இதுதான்.

முதல் துண்டு 1806ல் தொடங்கியது. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரியின் முதலீட்டில் மதராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார்கள். அதனால் ரொம்ப காலம் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். 1837ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கேயும் தெற்கேயும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஆனால் நகரத்துக்கு நடுவில், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில், ஒரு எட்டு கிலோமீட்டர் பாக்கி கிடந்தது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகப் போகிற இந்தத் துண்டைத் தோண்ட அரசாங்கத்துக்கு ஒரு நல்ல நேரம் வாய்த்தது. தாது வருஷப் பஞ்சம்.

1876லிருந்து 1878 வரை மழை பொய்த்து, தானிய விலை ஏறி, ஜனங்கள் செத்தார்கள். பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதே நேரத்தில் மதராஸ் கடற்கரையில் மூட்டை மூட்டையாகத் தானியம் குவிந்து கிடந்தது, காவலோடு. முதலில் விழுந்தது நிலம் இல்லாத கூலிகள். தென் மாவட்டங்களிலும் செங்கல்பட்டிலும் நிலம் இல்லாத கூலி என்றால் பெரும்பாலும் யார் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் நிலமோ நகையோ சேமிப்போ இருந்தவன் அதை விற்று ஆறு மாசம் தள்ளினான். சேரிக்காரனுக்கு விற்க உடம்பு மட்டும்தான் இருந்தது.

அந்த உடம்புக்கு என்ன விலை என்று தீர்மானிக்கத்தான் 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் கல்கத்தாவிலிருந்து வந்தார். செலவைக் குறை என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஆணுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா. பெண்ணுக்கு அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. பகல் முழுக்க மண்வெட்டிக் கூடை சுமக்கிறவனுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாசம் கழித்துத்தான் கூலி கொஞ்சம் கூடியது. டெம்பிளின் விதிகளில் இன்னொன்றும் உண்டு: வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள வேலைக்குத்தான் போக வேண்டும். பசித்தவன் வீட்டை விட்டு வந்தால்தான் அவன் நிஜமாகவே பசித்தவன் என்று நம்புவார்களாம்! இந்தப் புத்தியை அவர்கள் ஒரு விஞ்ஞானம் மாதிரி ‘தூரச் சோதனை’ என்று அழைத்தார்கள். அந்தச் சோதனை இந்த நகரத்தில் இன்னும் முடியவில்லை, பின்னால் வருகிறேன்.

1877, 78ல் பஞ்ச நிவாரண வேலையாக அந்த எட்டு கிலோமீட்டர் வெட்டி முடிக்கப்பட்டது. கால்வாய் முழுமைக்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை 1878ல் வைத்தார்கள். தோண்டியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள், எத்தனை பேர் கரையிலேயே குடிசை போட்டார்கள், எத்தனை பேர் மண்ணோடு மண்ணானார்கள் என்பதற்கெல்லாம் கல்வெட்டு வைக்கிற வழக்கம் நம் நாட்டில் கிடையாது.

இனி படகு.

எங்க ஆயா 1930களின் நடுவில் பிறந்தவள். மயிலாப்பூர்க் கரையோரச் சேரியில்தான் அவள் குடும்பம். அவள் அப்பா விறகுப் படகில் கயிறு இழுத்தவர். சொந்த ஊர் கோவளத்துக்குத் தெற்கே. பொங்கலுக்கு ஊருக்குப் போவது கால்வாயில்தான். சவுக்கு விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றி மயிலாப்பூருக்கு வருகிற படகு, இறக்கிவிட்டு வெறும் படகாகத் தெற்கே திரும்பும். அதில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளலாம், கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆயா சொன்னதை அவள் வாயாலேயே தருகிறேன். “மார்கழி கடசீல வாடக்காத்து நல்லா அடிக்கும்டா. போறப்ப பாயி ஏத்திடுவாங்கோ. எங்கப்பாவுக்கு அன்னிக்கு ஒரு நாளுதான் கயிறு இல்ல. குந்திகினு வருவாரு. பாலம் வந்தா மரத்த சாய்ப்பாங்கோ, நாங்கல்லாம் தலைய குனிஞ்சிக்குவோம். அடையாத்தாண்ட தண்ணி பெருசாயிடும், எனக்கு பயமா இருக்கும். எங்கம்மா புது சீலய மடியில வெச்சிகினு வரும், நனைஞ்சிடப் போவுதுன்னு.”

திரும்பி வருகிறபோது? “திரும்பறப்ப ஏது பாயி? எதுர்காத்து. வெறகு லோடு வேற. எங்கப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் கரைமேல நடந்துகினே இழுப்பாங்கோ. ராத்திரி முச்சூடும். நான் படகுலேருந்து பார்ப்பேன், முதுவு மட்டும் தெரியும்.”

அந்த உழைப்பின் கணக்கு இப்படித்தான். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே போகிற படகுக்குப் பாய், வடக்கே வருவதற்குக் கயிறு. கோடையில் தென்காற்று வீசினால் தலைகீழ். காற்றே இல்லையென்றால் தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் கழி ஊன்றித் தள்ளுவது, மற்ற இடத்தில் கயிறு. ஆற்றைக் கடக்கிற இடங்களில் மதகுக் கதவு திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இழுக்கிறவன் வெயிலில், முள்ளில், உளையில். அவன் கால்கள் போட்ட பாதைதான் கரை.

இன்னொன்றும் ஆயா சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். கால்வாய்த் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. குடிக்க நல்ல தண்ணீர் படகிலேயே பானையில் வரும். அந்தப் படகில் இரண்டு பானை. பின்பக்கம் நிழலில் கணக்குப்பிள்ளையின் பானை, முன்பக்கம் விறகுக் குச்சிகளுக்கு நடுவே இவர்களுடைய பானை. இவர்கள் பானை வழியில் காலியானால் அடுத்த ஊர் சேரி வரும்வரை தாகம்தான். படகு எட்டடி அகலம் இருக்குமா? அதற்குள் ஊரும் சேரியும் மிதந்து போயிருக்கின்றன. நிலவொளிப் படகுப் பயணம் எழுதிய எந்தப் பெரியவரின் பக்கத்திலும் இந்த இரண்டாவது பானை இல்லை.

படகுகள் ஒரே நாளில் நிற்கவில்லை. ரயில் முதலில் தின்றது, பிறகு லாரி. 1960களின் நடுவில் அடித்த புயலில் கால்வாய் சிதைந்தது, சரியாகச் செப்பனிடவில்லை. நகரத்தின் கழிவை அதில் திறந்துவிட்டார்கள். மண்ணெண்ணெயும் காஸும் வந்தபின் விறகுத் தொட்டிகள் மூடின. கயிறு இழுத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கட்டட வேலைக்கும், ரிக்‌ஷாவுக்கும், பெண்கள் வீட்டு வேலைக்கும் போனார்கள். குடிசை மட்டும் கரையிலேயே இருந்தது. இன்று கரையோரம் இருப்பவர்கள் எல்லோருமே தோண்டியவர்களின் வாரிசுகள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வறட்சியும் புதிதாக ஜனங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. வந்து சேர்ந்தவர்களும் நம்மவர்களே.

பிறகு பறக்கும் ரயில் வந்தது. 1995ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997ல் திருமயிலை வரை, 2007ல் வேளச்சேரி வரை. நிலம் வாங்கினால் செலவு அதிகம், புறம்போக்குக் கால்வாய் சும்மாதானே கிடக்கிறது என்று அதற்குள்ளேயே தூண்களை நட்டார்கள். நீர்வழியின் நடுவில் அரசாங்கமே கான்கிரீட் போட்டால் அதற்குப் பெயர் வளர்ச்சித் திட்டம். கரையில் ஓலை போட்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. வெள்ளம் வந்தால் நோட்டீஸ் வருவது ஓலைக்குத்தான். 2008ல் இதே கால்வாயை நான்காவது தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவித்தார்கள். தூண்களுக்கு இடையே எந்தக் கப்பலை விடுவார்களோ!

2000லிருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். நீர்நிலைகளின் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். பெரும்பாக்கம் மயிலாப்பூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். டெம்பிள் கேட்டது பத்து மைல், அதாவது பதினாறு கிலோமீட்டர். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கால்வாய்க் கரையில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகளை இடிக்க வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். அங்கே வாழ்ந்த ஒருவர் மே 8ஆம் தேதி உடம்பில் தீ வைத்துக்கொண்டார். இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்திலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். பக்கத்திலேயே இடம் இருக்கிறது என்பது ஒரு உயிர் எரிந்த பிறகு அரசாங்கத்துக்குத் தெரிந்தது.

கண்ணகி நகரில் நான் சந்தித்த பெண்கள் பலர் இன்னமும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் பாத்திரம் தேய்க்கிறவர்கள். விடிவதற்கு முன் கிளம்பி, பஸ் மாறி, எட்டு மணிக்குள் அடுப்படியில் நிற்க வேண்டும். ஒரு அம்மாவிடம் ஊர் எது என்றேன். “மயிலாப்பூரு” என்றார், யோசிக்காமல். அவர் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீரை ஒக்கியம் மடுவு கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில், பக்கிங்காம் கால்வாய் தெற்கே கோவளம் பக்கமாகப் போகிறது.