சாலை அகலமானால் நெரிசல் தீருமா?

1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் போக்ஸும் உருவாக்கிய ஈதர்நெட் என்ற கணினி வலைப்பின்னல் முறையின் வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். இன்று நான் பராமரிக்கும் ஸ்டோரேஜ் ஸ்விட்சில் ஒரே போர்ட்டில் 100 கிகாபிட் ஓடுகிறது. வேகம் சுமார் 34,000 மடங்கு கூடியும் நெரிசல் மட்டும் தீரவில்லை. மலேசியாவின் பீடோரில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகும் பெருநாள் என்றால் டோல் சாவடியில் வண்டிகள் வரிசை பிடித்துத்தான் நிற்கின்றன.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் 400 கெஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணைய வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. கேபிள் நன்றாகவே இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பியதே கோளாறு. பாக்கெட் எனும் தரவுத் துண்டு தொலைந்தால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற முறையை 1988-இல் வான் ஜேக்கப்சன் வகுத்தார்.

மின்னஞ்சலுக்கு அது போதும், டிஸ்க்குக்குப் போதாது. 2004-இல் ஐஸ்கஸி தரமாக வந்து, டிஸ்க் கட்டளைகள் ஈதர்நெட்டில் பயணிக்கத் தொடங்கின. பல ஸ்டோரேஜ் பெட்டிகள் ஒரு சர்வருக்கு ஒரே கணத்தில் பதில் அனுப்பினால் ஸ்விட்சின் தற்காலிகச் சேமிப்பிடமான பஃபர் நிரம்பிப் பாக்கெட்டுகள் விழும். தொலைந்ததை மறுபடி அனுப்ப லினக்ஸ் குறைந்தது 200 மில்லிவினாடி காத்திருக்க நேரலாம். அதற்குள் தரவுத்தளம் திணறிவிடும்.

நெரிசலுக்கு மருந்தாக 1997-இலேயே ‘பாஸ்’ கட்டளை வந்துவிட்டது. நிரம்பிய ஸ்விட்ச் எதிர்முனையை நிறுத்தச் சொல்லும். 10 கிகாபிட் இணைப்பில் ஒரு கட்டளையால் சுமார் 3.4 மில்லிவினாடி வரை நிறுத்தலாம். ஆனால் அந்தக் கேபிளில் போகும் அனைத்தும் சேர்ந்தே நிற்கும். 2011-இல் போக்குவரத்தை எட்டு வகுப்பாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் நிறுத்தும் முறை வந்தது. அதிலும் ஒரு ஸ்விட்சின் தடை பின்னாலுள்ள ஸ்விட்சுகளுக்குப் பரவும். மெதுவான ஒரு சர்வரால் சம்பந்தமில்லாத சர்வர்களும் காத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் நம்பும் தீர்வு வேறொன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்த கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயினோடு சேர்ந்து 1988-இல் ஒரு வழி சொன்னார்: வரிசை நீளத் தொடங்கும்போதே பாக்கெட்டில் ஒரு பிட்டைக் குறியிட்டு, அனுப்புகிறவரை எச்சரித்துவிடலாம். 2001-இல் அவரும் சாலி ஃபிளாய்டும் டேவிட் பிளாக்கும் அதை இணையத் தரமாக்கினார்கள். இன்றைய டேட்டா சென்டர்களின் வேகக் கட்டுப்பாட்டு முறைகள் பல அந்தக் குறியை நம்பியே இயங்குகின்றன.

சைபர்ஜெயாவுக்கும் ஜொகூருக்கும் டேட்டா சென்டர் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டோரேஜ் மெதுவாகிறது என்று புகார் வந்தால், வேகமான ஸ்விட்சுக்குப் பணம் கேட்கும் முன், எந்த போர்ட்டில் பாக்கெட் விழுகிறது, எது நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று எண்ணிக்கையைப் பாருங்கள். நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.