பரங்கிப்பேட்டையும் மசாலா ரொட்டியும்



விருந்தாளிகளுக்கு மசாலா அடைத்த முழு ரொட்டி செய்து வைத்தால், "காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதை விருந்துக்கு வைப்பதா? இது நம் உணவா?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். செய்த பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டை. பரங்கி என்றால் ஐரோப்பியர். போர்ச்சுகீசியர் அவ்வூருக்கு இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கினார்கள். ஆகவே ஐரோப்பியர் நம் கரைக்கு நேற்று வந்தவர்கள் அல்லர். மும்பையின் 'பாவ்', இலங்கைத் தமிழரின் 'பாண்' இரண்டும் ரொட்டிக்கான போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தவையே. கோவாவில் கள்ளை ஊற்றித்தான் ரொட்டி மாவைப் புளிக்க வைத்தார்கள்.

உள்ளே அடைக்கும் உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. சிதம்பரம் கொத்சுவில் போடும் காய்ந்த மிளகாயும் அப்படித்தான். அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்க்காமல் மிளகு சேர்ப்பது அந்தப் பழைய அடுப்படியின் மிச்சம்.

கொத்சு நம்முடையது என்றால், இந்த ரொட்டியை மட்டும் எப்படித் தள்ளி வைப்பது?

செய்கிறவர்களுக்கு ஒன்று: மேல்பக்கத்தை மூடிபோல் அறுத்து, உள்ளே தோண்டி, நீர் நன்றாக வற்றிய மசாலாவை அடையுங்கள். வெண்ணெய் தடவிச் சுட்டு, சற்று ஆறிய பிறகு வெட்டினால் உதிராது.

பெரியவர்களுக்கு ஒன்று: முதல் துண்டை நீங்கள் எடுங்கள். குறை சொல்வதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.