ஃபேரர் திடலும் மலேசியக் கிண்ணமும்

சிராங்கூன் சாலைக்கு மேற்கே, ரேஸ் கோர்ஸ் ரோட்டைக் கடந்து சென்றால் கண்ணுக்குப் படும் பசும்புல் வெளியே ஃபேரர் பார்க். 1840களில் அது குதிரைப் பந்தயத் திடலாக உருப்பெற்றது. 1911ஆம் ஆண்டு சிங்கப்பூர் வானில் முதன்முதலாக விமானம் எழும்பியதும் அங்கிருந்துதான். 1933இல் பந்தயங்கள் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்த பின், அவ்விடம் மக்களின் விளையாட்டுத் திடலாயிற்று. 1942 பிப்ரவரி 17ஆம் நாள் பல்லாயிரக்கணக்கான இந்தியப் படைவீரர்கள் ஆங்கிலேயரால் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும், இந்திய தேசிய இராணுவத்திற்கு வித்து ஊன்றப்பட்டதும் அதே மண்ணில்தான். வரலாறு இவ்வளவு படிந்த அந்நிலத்தைப் பழைய தலைமுறையினரிடம் சொன்னால், அவர்களுள் பலர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பந்தயக் குதிரையுமன்று, படையுமன்று. மாலை வேளையில் வெறுங்காலோடு உதைத்தாடிய காற்பந்தே ஆகும்.

அத்திடலிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் ஜாலான் புசார் விளையாட்டரங்கு இருக்கின்றது. 1929 டிசம்பர் 26ஆம் நாள் திறக்கப்பெற்ற அவ்வரங்கில்தான் சிங்கப்பூர்க் காற்பந்து வளர்ந்து ஆளாயிற்று. தேக்காவின் கடைக்காரரும், நகராட்சித் தொழிலாளரும், பள்ளி மாணவரும் அருகருகே நின்று குரல் கொடுத்த இடம் அது. இவ்விரண்டு இடங்களையும் அறியாமல் மலேசியக் கிண்ணத்தில் சிங்கப்பூர் எய்திய ஏற்றத்தையும் பின்னர் உற்ற இறக்கத்தையும் விளங்கிக்கொள்ள இயலாது.

1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'மலாயா' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் இத்துறைமுகங்களுக்கு வந்தது. மலாய் நாடுகளின் பொருளுதவியால் கட்டப்பட்ட கப்பல் அது. தங்களுக்குக் கிடைத்த வரவேற்பின் நினைவாக, அக்கப்பலினர் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை வழங்கினர். காற்பந்துக் கிண்ணமே மலாயாக் கிண்ணம் என்று பெயர் பெற்று, 1967இல் மலேசியக் கிண்ணமாக மாறியது. முதலாண்டின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என்னும் கணக்கில் வென்றது.

அதன்பின் நடந்தது வியப்பிற்குரியது. 1921 முதல் 1941 வரை நிகழ்ந்த 21 இறுதியாட்டங்களிலும் சிங்கப்பூர் இடம்பெற்றது, ஓராண்டும் தவறவில்லை. அவற்றுள் 12 முறை தனித்தும், 1928, 1929 ஆகிய இரண்டாண்டுகளில் சிலாங்கூரோடு பகிர்ந்தும் கிண்ணத்தைக் கைக்கொண்டது. 1927இல் சிலாங்கூரிடம் 8–1 எனப் படுதோல்வி கண்ட அதே அணி, 1933இல் அதே சிலாங்கூரை 8–2 என வென்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டது. இவ்விரு அணிகளின் பகைமை, பகைமை என்று சொல்லத் தகாத அளவுக்கு ஒன்றையொன்று வளர்த்த உறவாகும். நல்ல எதிரி வாய்க்கப்பெற்ற அணி நல்லூழ் பெற்ற அணி. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் எண்ணிப் பார்க்க நேரும்.

அக்காலக் காற்பந்து இனவாரியாகப் பிரிந்து கிடந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஐரோப்பியர்க்குப் பாடாங் திடலில் தனிக் கிளப்; மலாய்க்காரர்க்கு ஒரு சங்கம்; சீனர்க்கு ஒரு சங்கம்; 1923இல் தோன்றிய இந்தியர் சங்கமும், பின்னர்த் தோன்றிய இலங்கையர் விளையாட்டுக் கழகமும் பாலஸ்டியர் வெளியில் தத்தம் திடல்களைப் பேணின. 1950இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டியது அந்த இந்தியர் சங்கக் கட்டடத்திற்கே. ஆயினும், கிண்ணத்திற்காகச் சிங்கப்பூர் அணி களமிறங்கியபோது இப்பிரிவுகள் உடைந்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர், யுரேசியர் ஆகிய அனைவரும் ஒரே சட்டை அணிந்து ஆடினர். பள்ளிகள் மொழிவழியாகப் பிரிந்திருந்த காலத்தில், ஒரு தமிழ்ச் சிறுவனும் ஒரு சீனச் சிறுவனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக் கற்ற இடம் வகுப்பறையன்று, திடலே எனலாம்.

போருக்குப் பிந்திய காலத்தில் 1950, 1951, 1952 என மும்முறை தொடர்ந்தும், 1955, 1960, 1964, 1965 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் இங்கு வந்தது. மலேசியாவிலிருந்து பிரிந்த ஆண்டிலும் அது சிங்கப்பூருக்கே கிட்டியது. அதன்பின் 12 ஆண்டுகள் வறட்சி.

அவ்வறட்சியைத் தீர்த்தவர்களுள் முதலில் குறிக்கத்தக்கவர் ஒரு தமிழர் என்பது இன்றைய மாணவருள் பலர் அறியாத செய்தி. வழக்கறிஞர் ந. கணேசன் 1974 முதல் 1981 வரை சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக விளங்கினார். 1973 சூலையில் காலாங்கில் 55,000 பேர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கு திறக்கப்பட்டிருந்தது. அத்துணைப் பெரிய அரங்கைக் காற்பந்து நிரப்புமா என்று ஐயுற்றோர் பலர். கணேசன் துணிந்து ஆட்டங்களை அங்கே கொண்டுசென்றார். அரங்கு நிரம்பியது. பல்லாயிரம் தொண்டைகள் ஒருசேர எழுப்பிய முழக்கம் 'காலாங் கர்ஜனை' என்று பெயர் பெற்றது. சிதறிக் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட கிளப்புகளை ஒடுக்கி 30 அணிகள் கொண்ட தேசிய லீக்கை 1975இல் அமைத்தவரும் அவரே. இச்சீர்திருத்தம் ஆட்டத்தின் தரத்தை உயர்த்தியது. ஆனால் தெருவுக்கொன்றாகவும் குடியிருப்புக்கொன்றாகவும் இருந்த சிறு கிளப்புகளின் வேரையும் ஓரளவு அறுத்தது. அவர்மீது குறை கூறுவது நோக்கமன்று. பெரிய மரத்தை வளர்க்கையில் அடிநிழலில் புல் வளராமற் போவதுண்டு.

1975 முதல் 1981 வரை ஏழாண்டுகளும் சிங்கப்பூர் இறுதியாட்டத்தை எட்டியது. ஐந்து முறை சிலாங்கூரிடம் தோற்றது, இருமுறை வென்றது. 1977இல் பினாங்கை எதிர்த்துக் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் ஆடியபோது, கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் தலையால் முட்டி அடித்த கோலே 3–2 என வெற்றி தேடித் தந்தது. பயிற்றுநர் சூ செங் குவீ கண்டிப்பிற்குப் பெயர் போனவர். 'அங்கிள் சூ' என்று அழைக்கப்பட்ட அவர், பின்னர் நீரிழிவின் கொடுமையால் ஒரு காலை இழந்து 1983இல் மறைந்தார். அவ்வணியின் தலைவர் சமது அல்லாபிச்சை. பெயரே தமிழ் மண்ணின் வழியைச் சொல்லும். அக்காலத்து ஆட்டக்காரர் எஸ். ராஜகோபால் மூலையிலிருந்து உதைத்த பந்து வளைந்து சென்று வலைக்குள் புகும் விந்தையை 'வாழைப்பழ உதை' என்று மக்கள் கொண்டாடினர். 1980இல் சிலாங்கூரை 2–1 என வென்றபோது வெற்றிக் கோலை அடித்தவர் பதினெட்டு வயதும் நிரம்பாத ஃபாண்டி அகமது.

எல்லாரும் புகழ்ந்த இந்தப் பொற்காலத்திலேயே வீழ்ச்சியின் விதைகளும் இருந்தன என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. காலாங்கில் ஆடியவர்கள் எங்கே ஆடப் பழகினார்கள்? கம்பத்து வெளிகளில், செம்பாவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்புகளில், ஃபேரர் திடலில். தமிழரும் மலையாளிகளும் மிகுதியாக வாழ்ந்த அக்கடற்படைத் தளத்திலிருந்து ஆங்கிலேயப் படை 1971இல் வெளியேறியது. கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபோது பொதுக் குடியிருப்பில் வாழ்ந்தோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 1985இல் பத்தில் எண்மர். நல்ல வீடு, நல்ல நீர், நல்ல விளக்கு என எல்லாம் கிட்டின. அவற்றை இழிவாகப் பேசுவோர் அத்தாப்புக் குடிசையில் மழைக்காலத்தைக் கழித்திராதவர். ஆயினும், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்னும் அறிவிப்புப் பலகையும் உடன் வந்தது.

பள்ளிகளின் பங்கையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். காலை, மாலை என்று இருவேளைப் பள்ளிகள் இயங்கிய காலத்தில், காலைப் பள்ளி மாணவனுக்குப் பிற்பகல் முழுவதும் சொந்தம். 1979இல் மாணவரைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. 1992இல் பள்ளிகளைத் தேர்ச்சிப்படி வரிசைப்படுத்தும் வழக்கம் தோன்றியது. வரிசையில் ஓரிடம் கீழே இறங்கினால் பெற்றோர் முகம் சுளிப்பர் என்னும் அச்சம் ஆசிரியர் அறைக்குள் புகுந்தது. பிற்பகல் துணைப்பாடத்திற்கும் தனிப்பயிற்சிக்கும் போயிற்று. காற்பந்து, பட்டியலில் உள்ள ஒரு நடவடிக்கையாகச் சுருங்கியது. பதினெட்டு வயதில் தேசிய சேவைக்கு அழைக்கப்படும் இளைஞன், அதற்கு முன்பே ஆட்டத்தில் ஊறித் திளைத்திருந்தாலன்றி அதன்பின் மீள்வது அரிது. நாட்டின் பாதுகாப்புக்கு அச்சேவை இன்றியமையாதது. எனினும், முதிர்வதற்கு உரிய ஆண்டுகள் அவை என்பதும் உண்மையே.

வேர் காய்ந்தாலும் சில மரங்கள் இறுதியாக ஒருமுறை பூத்துக் குலுங்குவதுண்டு. 1982இல் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி நிற்க நேர்ந்த சிங்கப்பூர், 1985இல் மீண்டும் சேர்ந்தது. 1992இல் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்ட இழிவையும் கண்டது. 1993இல் இறுதியாட்டம் வரை வந்து கெடாவிடம் தோற்றது. 1994 டிசம்பரில், ஷா ஆலாம் அரங்கில், பாகாங்கை 4–0 என வீழ்த்தியது. அப்பாஸ் சாட் மூன்று கோல்கள் அடித்தார். லீக் பட்டமும் கிண்ணமும் ஒரே ஆண்டில் வந்தன. பாலத்தைக் கடந்து பேருந்து பேருந்தாகச் சென்ற இரசிகர் கூட்டத்தை, அன்று பார்த்தவர் மறக்கமாட்டார். 24ஆவது கிண்ணம் அது, கடைசியும் அதுவே.

சில திங்களுக்குள், 1995இன் தொடக்கத்தில், நுழைவுச்சீட்டு வருவாயைப் பகிர்வதில் எழுந்த பிணக்கால் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து வெளியேறியது. ஆட்டத்தை விலைபேசிய ஊழல் வழக்குகள் அக்காலத்தில் இரு நாடுகளிலும் காற்பந்தின் பெயரைக் கெடுத்திருந்தன. எனவே தூய்மையான தனி லீக் ஒன்று வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. 1996இல் எட்டுக் கிளப்புகளோடு எஸ். லீக் தொடங்கியது; முதற் பட்டத்தைக் கேலாங் யுனைடெட் வென்றது.

ஆனால் கர்ஜித்த மக்கள் வரவில்லை. அவர்கள் கர்ஜித்தது சிலாங்கூருக்கு எதிராக. உட்லண்ட்ஸ் வீட்டுவசதிப் பேட்டை தெம்பனிஸ் பேட்டைக்கு எதிராக ஆடுவதற்காக அன்று. இரு பேட்டைகளிலும் ஒரே குடும்பத்தின் அண்ணனும் தம்பியும் வசிக்கையில் எந்தப் பேட்டையின் மீது பற்றுக் கொள்வது? பகை உணர்ச்சியைச் சட்டம் இயற்றி உண்டாக்க முடியாது. 74 ஆண்டுகள் வளர்ந்த உறவை ஓர் அறிக்கையால் துண்டிக்க மட்டும் முடிந்தது. நாளடைவில் சப்பானியக் கிளப்பான அல்பிரெக்ஸ் நிகாட்டா 2016, 2017, 2018 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து சிங்கப்பூர் லீக்கை வென்றது. 2018இல் லீக்கின் பெயர் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று மாற்றப்பட்டது.

இதனால் சிங்கப்பூர் எதையும் வெல்லவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. 1998இல் ஹனோயில், வியட்நாமை எதிர்த்து ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே சென்ற ஒற்றைக் கோல் டைகர் கிண்ணத்தைத் தந்தது. பயிற்றுநர் அவ்ராமோவிச் காலத்தில் 2005, 2007, 2012 என மேலும் மூன்று தென்கிழக்காசியப் பட்டங்கள் கிட்டின. ஆயினும் அவ்வெற்றிகளில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்களின் பங்கு பெரிது. 2010 உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெறுவது என்று 1998இல் வகுத்த இலக்கு எட்டாக் கனியாயிற்று.

2012இல் 'லயன்ஸ் டுவெல்வ்' என்னும் பெயரில் ஓர் இளைஞர் அணி மலேசிய லீக்குக்குத் திரும்பியது. ஜாலான் புசாரில் மீண்டும் கூட்டம் கூடியது. 1980களில் தம் கால்வித்தையால் மயக்கி, சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்கும் ஆடிய வி. சுந்தரமூர்த்தியே 2013இல் அவ்வணியைப் பயிற்றுவித்து லீக் பட்டத்தை வென்றார். 2015இல் எஃப்.ஏ. கிண்ணமும் வந்தது. அவ்வாண்டோடு மலேசியத் தரப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இம்முறை கதவு மறுபுறத்திலிருந்து சாத்தப்பட்டது.

கர்ஜனை எழுந்த பழைய தேசிய அரங்கு 2010இல் இடிக்கப்படலாயிற்று. அவ்விடத்தில் 2014இல் புதிய அரங்கு எழுந்தது. சிங்கப்பூர் 2025 நவம்பர் 18ஆம் நாள் ஹாங்காங்கை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று, 2027 ஆசியக் கிண்ணத்திற்கு முதன்முறையாகத் தன் ஆட்டத்தின் வலிமையால் தகுதி பெற்றது. 1984இல் அது இடம்பெற்றது போட்டியை நடத்திய நாடு என்ற முறையில்தான்.

ஃபேரர் பார்க்கின் பழைய திடல்வெளியில் சுமார் 1,600 அடுக்குமாடி வீடுகள் கட்டப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. முன்னர்க் குத்துச்சண்டைப் பயிற்சி நடந்த கட்டடம் காக்கப்படும். திடலின் ஒரு பகுதி, வீடுகளுக்கு நடுவே, விளையாட்டுக்கென்றே விடப்படும்.